காலணிக்குப் பெயர் தருவது யார்?

ஜொகூரின் குறுக்கே ஓடும் ரயில் பாதை 1909-இல் முழுமை பெற்றது. அதை ஒட்டி சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று ரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு போனார்கள். அங்கே உறைந்து, உருளையில் நசுங்கி, புகையில் காய்ந்த ரப்பர்த் தகடுகள் கடல் கடந்து போய் டயராகவும் குழாயாகவும் காலணியின் அடிப்பாகமாகவும் மாறின. 1980களின் இறுதிவரை உலகில் மிக அதிகமாக இயற்கை ரப்பர் தந்த நாடு மலேசியாதான். அந்தத் தோட்டங்களில் பெரும்பாலானவை இன்று செம்பனைக் காடுகளாகிவிட்டன. அங்கே உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஜொகூர் பாரு, பாசிர் கூடாங், கூலாய் ஆகிய நகரங்களின் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் விரும்பி வாங்கும் சப்பாத்துகளில் ஒன்று, கறுப்புத் துணியும் பக்கவாட்டில் வளைந்தோடும் வெள்ளைக் கோடும் தடித்த ரப்பர் அடிப்பாகமும் கொண்ட வேன்ஸ். ஸ்கேட்போர்டில் ஒருநாளும் ஏறியிராதவர்கூட அந்த வெள்ளைக் கோட்டைத் தொலைவிலிருந்தே அடையாளம் காண்கிறார். கலிஃபோர்னியாவில் ஒரு சிறு தொழிற்சாலையில் பிறந்த பெயர் உலகின் இந்த மூலைவரை எப்படி வந்தது? விளம்பரத்தால் வந்தது என்பதுதான் பலரும் சொல்லும் விடை. வேன்ஸின் ஏறத்தாழ அறுபது ஆண்டு வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஒரு காலணிக்குப் பெயரையும் மதிப்பையும் தருபவர்கள் அதை அணிந்து தேய்ப்பவர்கள். நிறுவனத்தின் பங்கு, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது. கேட்டபோதெல்லாம் வேன்ஸ் வளர்ந்தது. கேட்க மறந்தபோதெல்லாம் சரிந்தது. ரப்பர் மண்ணில் வாழும் நமக்கும் இந்த வரலாற்றில் எடுத்துக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். பச்சை ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைத்து வெடிக்கும். அதில் கந்தகம் கலந்து சூடேற்றினால் உறுதியும் நெகிழ்வும் ஒருசேர வருவதை 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். இந்த முறையால்தான் ரப்பர் அடிப்பாகம் கொண்ட துணிக் காலணி பெருந்தொழிலாக வளர்ந்தது. அமெரிக்காவில் 1916-இல் கெட்ஸும் 1917-இல் கன்வர்ஸ் ஆல் ஸ்டாரும் வந்தன. கெட்ஸைச் செய்தது யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் நிறுவனம். அதற்குச் சுமத்ராவில் சொந்தத் தோட்டங்கள் இருந்தன. மலாயாவில் தோட்டங்கள் வைத்திருந்த பிரிட்டனின் டன்லப், க்ரீன் ஃபிளாஷ் என்ற டென்னிஸ் காலணியை விற்றது. பால் வடிந்தது இங்கே, பெயர் பிறந்தது அங்கே என்ற பிரிவினை அப்போதே உறுதியாகிவிட்டது. துணி மேற்பாகத்தை அச்சுக்கட்டையில் இழுத்துப் பொருத்தி, வேகாத ரப்பரை அடியிலும் சுற்றிலும் ஒட்டி, முழுக் காலணியையும் சூட்டடுப்பில் வேகவைத்து எடுக்கும் முறை அப்போதிலிருந்து அடிப்படையில் மாறவில்லை. வேன்ஸின் பழைய வடிவங்கள் இன்றும் இப்படித்தான் உருவாகின்றன. ஆகவே தொழில்நுட்பத்தில் அந்த நிறுவனத்துக்கென்று எந்த ரகசியமும் கிடையாது. அதே ரப்பரும் அதே துணியும் அதே அடுப்பும் உலகில் நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகளில் இருந்தன. வேறுபாடு எங்கே வந்தது என்பதே நம் கேள்வி.

1966 மார்ச் 16 அன்று கலிஃபோர்னியாவின் அனகைம் நகரில் வேன் டோரன் ரப்பர் கம்பெனி திறக்கப்பட்டது. பால் வேன் டோரன், அவர் தம்பி ஜிம், கோர்டன் லீ, செர்ஜ் டெலியா ஆகிய நால்வர் பங்காளிகள். காலணித் தொழிற்சாலையில் இளம் வயதிலேயே வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர் பால். தொழிற்சாலையையும் கடையையும் ஒரே இடத்தில் வைத்து, இடைத்தரகர் இல்லாமல் நேரே விற்க வேண்டும் என்பது அவர் திட்டம். முதல் நாள் காலையில் வந்தவர்கள் பன்னிரண்டு பேர் என்கிறது நிறுவனத்தின் வரலாறு. அவர்கள் கேட்ட காலணிகள் அன்றே செய்யப்பட்டு மாலையில் கைக்குக் கொடுக்கப்பட்டன. அடிப்பாக ரப்பரைப் போட்டியாளர்களைவிடத் தடிமனாக்கியதும், அதில் சாய்சதுர அச்சு பதித்ததும் பாலின் தொழில் அறிவு. ஆனால் நிறுவனத்தின் குணத்தைத் தீர்மானித்தது வேறொரு பழக்கம். கேட்ட நிறம் கடையில் இல்லை என்று வாடிக்கையாளர் குறைபட்டபோது, பிடித்த துணியைக் கொண்டு வாருங்கள், அதிலேயே செய்து தருகிறோம் என்றார் பால். பள்ளிகள் தங்கள் சீருடைத் துணியோடு வந்தன. அணிநடைக் குழுக்கள் தங்கள் நிறங்களோடு வந்தன. வாங்குபவர் வாய் திறந்து கேட்கலாம், கேட்டது கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்தக் கடைகளில் வேரூன்றியது. ஸ்கேட்போர்டு இளைஞர்கள் உள்ளே வருவதற்கு முன்பே அவர்களுக்கான கதவு திறந்திருந்தது.

அவர்கள் வந்த காரணம் சுவையானது. ஸ்கேட்போர்டின் சக்கரங்கள் முன்பு களிமண் கலவையாலோ இரும்பாலோ ஆனவை. சிறு கல் தட்டினாலும் ஆளைத் தூக்கி எறியும். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர் பாலியுரேத்தேன் சக்கரங்களைக் கொண்டு வந்தார். அவை தரையைப் பற்றிக்கொண்டு ஓசையின்றி ஓடின. அடுத்து 1976-77-இல் கலிஃபோர்னியாவைக் கடும் வறட்சி தாக்கியது. வீடுகளின் நீச்சல் குளங்கள் வறண்டு கிடந்தன. சாந்தா மோனிகா, வெனிஸ் கடற்கரைகளின் பாழடைந்த பகுதியில் வளர்ந்த பிள்ளைகள், அலைச்சறுக்கில் கற்ற அசைவுகளை அந்த வெற்றுக் குளங்களின் வளைந்த சுவர்களில் செய்து பார்த்தார்கள். பலர் வசதியற்ற, சிதைந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பலகையை உள்ளங்காலால் உணரவைக்கும், வழுக்காத, விலை குறைந்த ஒரு காலணி. தட்டையான, ஒட்டும் ரப்பர் அடியுடைய வேன்ஸ் அதற்குப் பொருந்தியது. யாரும் அதை அவர்களுக்காகச் செய்யவில்லை, அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். வேகம் குறைக்க ஒரு காலை மட்டும் தரையில் இழுப்பதால் ஒரு பக்கச் சப்பாத்து முதலில் தேய்ந்து போகும். அதற்காக வேன்ஸ் கடைகள் ஒற்றைக் காலணியும் விற்றன. எந்தக் கணக்கரும் இதை லாபம் என்று சொல்லமாட்டார். ஆனால் தேய்ந்த ஒரு காலுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்ற அந்த மரியாதையைப் பிள்ளைகள் மறக்கவில்லை. 1976-இல் டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டா என்ற இரு இளம் வீரர்களின் யோசனைப்படி கணுக்காலைச் சுற்றிப் பஞ்சு வைத்த இரா என்ற வடிவம் வந்தது. மறு ஆண்டு வெள்ளைக் கோட்டோடு ஓல்ட் ஸ்கூல் வந்தது. வேன்ஸ், ஸ்கேட்போர்டுக் காலணி ஆனது இப்படித்தான்.

இதே வழியில்தான் மற்ற அடையாளங்களும் வந்தன. வேன்ஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டங்களை வரைந்தது ஓவியப் பிரிவு அல்ல. மாணவர்கள் தங்கள் காலணிகளின் ரப்பர் விளிம்பில் பேனாவால் கட்டம் போட்டுக்கொண்டதை பாலின் மகன் ஸ்டீவ் கவனித்தார். அதையே அச்சிட்டு விற்றார்கள். 1982-இல் வெளிவந்த ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மாண்ட் ஹை படத்தில் ஷான் பென் நடித்த பாத்திரம் அந்தக் கட்டக் காலணியை அணிந்து வர, அமெரிக்கா முழுவதும் அது பரவியது. அதைத் தேர்ந்தெடுத்ததும் நடிகரே. 1989-இல் ஸ்டீவ் கபாலெரோ என்ற வீரரின் பெயரில் உயரமான ஒரு காலணி வந்தது. ஸ்கேட்போர்டுக்காரர்கள் அதன் மேற்பகுதியைக் கத்தரித்து, வெட்டிய விளிம்பை நாடாவால் ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். கணுக்கால் தாராளமாக அசைய வேண்டும் என்பது அவர்கள் தேவை. கபாலெரோ அதைக் கண்டு நிறுவனத்திடம் சொன்னார். தன் பொருளைச் சிதைத்துவிட்டார்கள் என்று நிறுவனம் கோபித்துக்கொள்ளவில்லை. 1992-இல் பாதி உயரத்தில் ஹாஃப் கேப் என்ற பெயரில் அதையே செய்து விற்றது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது விற்பனையில் இருக்கிறது. ஒரு காலணியின் மிகச் சிறந்த திருத்தத்தை அதன் பயனாளிகளின் கத்தரிக்கோல் செய்தது என்பதைவிடத் தெளிவான சான்று என் வாதத்துக்கு வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் நிறுவனம் ஜிம்மின் பொறுப்பில் இருந்தபோது, பெரிய விளையாட்டு நிறுவனங்களோடு மோதும் ஆசையில் ஓட்டம், மல்யுத்தம், நடனம் என்று எல்லாவற்றுக்கும் காலணி செய்ய இறங்கியது. செலவு ஏறியது, மலிவான போலிகள் சந்தையில் குவிந்தன. 1984-இல் வேன்ஸ் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. பால் திரும்பி வந்து, தெரிந்த பழைய காலணிகளுக்கே தொழிற்சாலையைத் திருப்பி, சில ஆண்டுகளில் கடனை முழுவதும் அடைத்தார். 1988-இல் நிறுவனம் கைமாறியது, 2004-இல் வி.எஃப் என்ற பெரிய ஆடை நிறுவனம் ஏறத்தாழ 40 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2022 நிதியாண்டில் வேன்ஸின் ஆண்டு வருவாய் 400 கோடி டாலரைத் தாண்டியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் அது 250 கோடிக்கும் கீழே இறங்கியது. ஒரே வடிவத்தை எங்கும் குவித்து விற்றதும், அதை முதலில் நேசித்தவர்களிடமிருந்து விலகிப் போனதும் இதற்குக் காரணங்கள் என்றே நான் கருதுகிறேன். 1986-இல் தொடங்கிய ஏர்வாக் என்ற ஸ்கேட்போர்டுக் காலணியின் கதையும் இதையே சொல்கிறது. சிறு கடைகளுக்குத் தனிச் சிறப்பான வடிவங்களைத் தந்தவரை அது உயர்ந்தது. எல்லாக் கடைகளுக்கும் ஒரே பொருள் என்று ஆனதும், அதை உயர்த்திப் பிடித்த இளைஞர்கள் விலகினார்கள். 1990களின் இறுதியில் அந்தப் பெயர் மங்கியது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். வி.எஃப் போன்ற நிறுவனத்தின் பணமும், ஹாலிவுட் படமும், 1990களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் நடந்த வார்ப்ட் டூர் இசைப் பயணத்துக்கு வேன்ஸ் கொடுத்த ஆதரவும் இல்லாமல் இந்தப் பெயர் ஜொகூர்வரை வந்திருக்குமா என்று கேட்கலாம். வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணம் ஒரு பெயரைத் தொலைதூரத்துக்கு எடுத்துச் செல்லும். ஆனால் எடுத்துச் செல்ல முதலில் ஒரு பெயர் இருக்க வேண்டும். அதைப் பணத்தால் செய்ய முடியும் என்றால் 1980களின் அந்தப் பெருஞ்செலவு வென்றிருக்க வேண்டும். 2022-க்குப் பிந்தைய சரிவும் நிகழ்ந்திருக்கக் கூடாது. அந்தச் சரிவின்போது விளம்பரப் பணத்துக்குப் பஞ்சம் இல்லை. அணிபவர்களின் பற்றுக்குத்தான் பஞ்சம். ஃபாஷன் மாறியது, பெருந்தொற்றுக்குப் பின் சந்தை மாறியது என்பதும் உண்மையே. ஆயினும் ஃபாஷனை மாற்றுபவர்களும் காலணி அணியும் மனிதர்கள்தான்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. பிள்ளைகள் கட்டம் போட்டார்கள், கத்தரித்தார்கள், குளங்களில் விழுந்து எழுந்தார்கள். லாபமோ நிறுவனத்துக்குப் போனது. இதைக் கூட்டுப் படைப்பு என்று புகழலாமா, சுரண்டல் என்று சொல்ல வேண்டாமா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வீரரின் பெயர் தாங்கிய காலணிக்கு அவருக்கு உரிமைத்தொகை தரும் வழக்கம் இந்தத் துறையில் உண்டு. ஆனால் பேனாவால் கட்டம் போட்ட பெயர் தெரியாத மாணவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. 1990களில் கலிஃபோர்னியத் தொழிற்சாலைகள் மூடப்பட்டு உற்பத்தி ஆசியாவுக்குப் போனபோது அங்கே வேலை செய்தவர்களும் இழந்தார்கள். இந்தச் சங்கிலியின் மறுமுனையில், மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை என்று வாழ்ந்த நம் தோட்டத்து மக்கள் இருந்தார்கள். இந்த அநியாயம் என் வாதத்தை முறிக்கவில்லை, பலப்படுத்துகிறது. மதிப்பை உண்டாக்குபவர்கள் அணிபவர்களே என்பது உண்மையானால், அந்த மதிப்பில் அவர்களுக்குப் பங்கு கேட்பதும் நியாயம். கேட்பதற்கு முதல் படி, தாங்கள்தான் அதை உண்டாக்கினோம் என்று அவர்கள் உணர்வது.

இந்த உணர்வு நம் நாட்டில் இல்லாததற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஒரே வார்ப்பில், தையல் இல்லாமல், முழுவதும் ரப்பரால் ஆன கறுப்புச் சப்பாத்தைத் தெரியாத மலேசியர் குறைவு. பால்மரம் வெட்டியவர்களும் செம்பனைக் குலை அறுப்பவர்களும் அதைப் போட்டார்கள். உள்ளே புகுந்த தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், சேறு பட்டால் கழுவினால் போதும், அடியில் உள்ள குமிழ்கள் களிமண்ணைக் கவ்விப் பிடிக்கும். பிறகு மலையேறுபவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். குளுவாங்கின் லம்பாக் மலையிலும், 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையிலும், கினபாலு மலை வழிகாட்டிகளிடமும், காட்டுப் பாதை ஓட்டப் போட்டிகளிலும் விலையுயர்ந்த வெளிநாட்டுக் காலணிகளுக்கு நடுவில் அது சமமாக நிற்கிறது. விலையோ அவற்றில் மிகச் சிறு பங்கு. சாந்தா மோனிகாவின் பிள்ளைகள் வேன்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதற்கும் எந்த வேறுபாடும் இல்லை: ஒரு கடினமான தரை, பணமில்லாத கால்கள், பொருத்தமான ரப்பர். ஆனால் அந்தக் காலணியை நாடு முழுவதும் மக்கள் அழைக்கும் பெயர் அடிடாஸ் கம்போங். ஜெர்மனியின் அடிடாஸ் நிறுவனத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அணிந்தவர்கள் அன்போடு ஒரு பெயரைக் கொடுத்துவிட்டார்கள். உள்ளூர்த் தயாரிப்பாளர்களில் எவரும் அந்த அன்பை அடித்தளமாக்கித் தமக்கென்று உலகறிந்த ஒரு பெயரைக் கட்டவில்லை.

தொழிற்சாலை இல்லாததால் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது. 1920களிலேயே சிங்கப்பூரில் தான் கா கீ என்ற தொழிலதிபர் ரப்பர்க் காலணிகளைப் பெருமளவில் செய்து ஏற்றுமதி செய்தார். உலகப் பொருளாதார வீழ்ச்சியும் ஜப்பானின் மலிவுக் காலணிப் போட்டியும் வங்கிக் கடனும் சேர்ந்து 1934-இல் அவர் நிறுவனத்தை மூடவைத்தன. 1930களில் செக்கோஸ்லோவாக்கியாவின் பாட்டா சிங்கப்பூருக்கும் பிறகு கிள்ளானுக்கும் வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகள் அதன் வெள்ளைக் கேன்வஸ் சப்பாத்தைத் துவைத்து, வெள்ளை பூசிப் போட்டார்கள். பல்லாஸ் என்ற மலேசியப் பெயரின் ஜாஸ் காலணியை 1990களின் மாணவர்கள் ஆசையோடு அணிந்தார்கள். பெற்றோர் சுமை கருதிப் பள்ளிச் சப்பாத்தைக் கறுப்பாக்கும் முடிவு 2018-இல் அறிவிக்கப்பட்டு 2021-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அணிபவர்களின் தேவை இங்கேயும் கேட்கப்படும் என்பதற்கு அது ஒரு சான்று. ரப்பர் இருந்தது, தொழிலறிவு இருந்தது, அணிந்து சோதித்த லட்சக்கணக்கான கால்களும் இருந்தன. இல்லாதது, தொழிற்சாலைக்கும் கால்களுக்கும் இடையே நடக்க வேண்டிய பேச்சு.

ஸ்கேட்போர்டு என்பது வெட்டிப் பொழுது, மேற்கத்திய மோகம், இதில் நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. அவர்களின் கவலை புரிந்துகொள்ளத்தக்கது. எலும்பு முறிந்தால் செலவு செய்வது அவர்கள்தான். ஆனால் 2018 ஆசிய விளையாட்டிலும், 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஸ்கேட்போர்டு போட்டியாக இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாட்டின் மாமல்லபுரத்தில் மீனவக் குடும்பச் சிறுமி கமலி மூர்த்தி வெறுங்காலோடு பலகை ஓட்டியதை உலகம் பார்த்தது. அவரைப் பற்றி சாஷா ரெயின்போ இயக்கிய ‘கமலி’ என்ற குறும்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கமலியின் காலில் எந்த நிறுவனத்தின் பெயரும் இருக்கவில்லை. ஆனாலும் ஆட்டம் நடந்தது. ஆட்டமும் உழைப்பும் முன்னே போகின்றன, காலணி பின்னால் வருகிறது. ஆகவே பிள்ளை விலையுயர்ந்த சப்பாத்துக் கேட்டால் யோசிக்கலாம். ஆட இடம் கேட்டால் தயங்கக் கூடாது.

ஆகவே ஜொகூரில் செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. ஜொகூர் பாரு, இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங் மாநகர் மன்றங்கள் ஸ்கேட்போர்டுத் திடல்களை மலிவு விலைக் குடியிருப்புகளுக்கு அருகில் அமைக்க வேண்டும். அவற்றின் வடிவமைப்பை அங்கே ஆடப்போகும் பிள்ளைகளிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ரப்பர்ச் சப்பாத்துச் செய்யும் நம் நாட்டுத் தயாரிப்பாளர்கள் தோட்டங்களுக்கும் மலையடிவாரங்களுக்கும் சென்று, அதை அணிபவர்கள் எங்கே வெட்டுகிறார்கள், எங்கே ஒட்டுகிறார்கள், எது முதலில் கிழிகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். யோசனை தந்தவரின் பெயரைப் பெட்டியில் அச்சிட்டு, விற்பனையில் பங்கும் தர வேண்டும். வேன்ஸ் வாங்கும் இளைஞர்கள் வாங்கட்டும், அதில் குறை எதுவும் இல்லை. அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: உங்கள் காலில் இருக்கும் அந்தப் பெயரை உங்களைப் போன்ற, காசில்லாத பிள்ளைகள்தான் உண்டாக்கினார்கள் என்பதை அறிந்து வாங்குங்கள். அவர்களால் முடிந்தது, ரப்பரை நூறு ஆண்டுகள் சுமந்த குடும்பங்களில் பிறந்த உங்களாலும் முடியும்.